இடது பின் சக்கரம்

அந்தக் காரை என் புருஷன் சுஜீந்திரன் எங்கள் பிளாக்குக்கு ஓட்டிக்கொண்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்றேகால் மணிக்கு. அசல் ராகுகாலம். நான் நாள் நேரம் பார்க்கிறவள் இல்லை. கிளினிக்கில் பதிவு கௌண்டரில் உட்கார்ந்துகொண்டு ராகுகாலம் பார்த்தால் வேலைக்காகுமா? ஆனாலும் சேர்த்து வைத்ததையெல்லாம் வழித்துப் போட்டு ஒரு கிழட்டுக் காரை வாங்குகிறவன், இன்னும் கொஞ்ச நேரம் எங்காவது உட்கார்ந்து ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்திருக்கலாம்.

எங்கள் அடுக்குமாடி பிளாக் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டுக்கு இரண்டு தெரு பின்னால் இருக்கிறது. அதை ஒட்டி ஆறு மாடிக் கார் பார்க். கீழே மாலைக் கடையும் மளிகைக் கடையும் ஆட்களுமாக ஒரே கூச்சல். லிஃப்டில் ஏறி ஐந்தாவது மாடியில் இறங்கினால் அத்தனையும் அறுந்துவிடும். வார நாளில் அங்கே பத்து வண்டிகூட நிற்காது. புறாக்கள் மட்டும் உத்தரத்தில் முனகிக்கொண்டிருக்கும். நடுப்பகலிலும் பாதி வெளிச்சம்தான். சூடேறிய சிமெண்ட் வாடை மூக்கில் அடிக்கும்.

காரை நிறுத்திவிட்டு சுஜி என்னைப் பார்த்து இளித்தான்.

"எப்படி இருக்கு?"

"உன்ன மாதிரியே இருக்கு. வெளிய பளபளப்பு, உள்ள அடைப்பு."

அவன் சிரித்தான். எனக்கு அது முழுக்கச் சிரிப்பு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் சாங்கி ஏர்போர்ட்டில் கார்கோ வேலையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அவன். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வெயிலில் வேலை செய்யாதே, கனம் தூக்காதே, மாத்திரையை மறக்காதே என்று டாக்டர் சொன்ன மூன்றில், இரண்டை அவன் அன்றே மறந்துவிட்டான். நாற்பத்தொன்பது வயது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன் போனால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியைப் போட்டுக்கொண்டு நான் பல நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

கார் முப்பத்தேழு வயசு ஜப்பான் கார், கருஞ்சிவப்பு நிறம். பழைய கார்களுக்கான திட்டத்தில் பதிவானது என்பதால் வருஷத்தில் நாற்பத்தைந்து நாள்தான் ரோட்டில் ஓட்டலாம். மீதி நாளெல்லாம் சும்மா நின்று நின்றே கெட்டுப்போகும். ஒவ்வொன்றுக்கும் காக்கி புக்கிட் வொர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போக எங்களுக்கு வசதி இல்லை. அதனால் சுஜிக்கு ஒரே சட்டம்: கையால் முடிகிற வேலையைக் கையால் செய். கார் பார்க்கில் ரிப்பேர் பார்க்கக் கூடாது. அதனால் அவனுக்கு லீவு வருகிற வார நாளில், ஆளில்லாத மத்தியானத்தில், திருட்டுத்தனமாகச் செய்வோம்.

"வித்தவன் யாரு?" என்று கேட்டேன்.

"இல்ஹாம்னு ஒரு பையன். கேலாங்ல இருக்கான். அவங்க வாப்பாவோட கார். பேரம்கூடப் பேசல. சாவியைக் கொடுத்துட்டு வண்டி உள்ள எட்டிக்கூடப் பாக்காம போயிட்டான்."

இதை அவன் ஏதோ அதிர்ஷ்டம் போலச் சொன்னான்.

டிரைவர் சீட் பிரேக் மிதிக்கு ரொம்பப் பக்கத்தில் தள்ளியிருந்தது. குள்ளமான யாரோ உட்கார்ந்த சீட். சுஜி எண்ணெய் விட்டு, உதைத்து, திட்டி, ஒரு வழியாகப் பின்னால் தள்ளினான்.

பிரேக் ஆயில் மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அமுக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே உட்கார்ந்து ஒரு சின்னத் திருகைத் திறந்து பழைய ஆயிலையும் அதில் கலந்த காற்றையும் வெளியே எடுக்க வேண்டும். திருகை மூடின பிறகுதான் உள்ளே இருப்பவர் காலை எடுக்கலாம். அவசரப்பட்டு எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், பிரேக் பஞ்சு மாதிரி ஆகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"விடு."

இதுதான் மொத்தப் பாடமும். மிதியிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். அது இடது பின் சக்கரம். டிரைவர் சீட்டில் இருப்பவளுக்கு அங்கே இருப்பவன் தெரியமாட்டான். குரல் மட்டும் வரும். எனக்கு எட்டு எண்ணும் வரைதான் பொறுமை. சுஜியின் பழைய கார்களில் எத்தனையோ தடவை முன்கூட்டியே காலை எடுத்து அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் மாதம், வியாழக்கிழமை. சரியான மழை. நான் சீட்டில் உட்கார்ந்து ஏழெட்டுத் தடவை அமுக்கியிருப்பேன். போன் அடித்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறாராம்.

"சுஜி, கேஸ் வந்திருக்கு. போயிட்டு வரேன், நிறுத்தி வை!" என்று கத்திவிட்டு ஓடினேன். மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதா என்று நான் நின்று பார்க்கவில்லை.

சிலிண்டரை மாற்றி, கசிவு பார்த்து, ஆளை அனுப்பி, நான் திரும்பி வர அரை மணி நேரம் ஆகிவிட்டது. லிஃப்டிலிருந்து வெளியே வந்தேன். மழையில் மாடியே இருட்டிக் கிடந்தது. தூரத்தில் எங்கள் காரின் பின்பக்கம் தெரிந்தது.

பிரேக் விளக்குகள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

"பிடி… பிடி…" சுஜியின் குரல். "சரி, விடு."

விளக்குகள் அணைந்தன.

ஏதோ கம்பை முட்டுக்கொடுத்து அமுக்குகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். டிரைவர் பக்கக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே பார்த்தேன். கம்பு இல்லை. யாரும் இல்லை. சீட் முன்னால் தள்ளியிருந்தது, அவன் உதைத்துப் பின்னால் தள்ளிய அதே சீட். அதன் மெத்தையில் ஒரு பள்ளம்.

நான் பார்க்கப் பார்க்க அந்தப் பள்ளம் மெல்ல மேலே எழும்பியது. ஒருவர் அப்போதுதான் எழுந்து போனால் எழும்புமே, அப்படி.

உள்ளிருந்து தைல வாடை வந்தது. வயசானவர்கள் நெற்றியிலும் முழங்காலிலும் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

சுஜி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

"தர்ஷி, சூப்பர் லா! பின்னாடி ரெண்டு சக்கரமும் முடிஞ்சுது. ஒரு தடவைகூட நீ முன்னாடி விடல. என்ன, திடீர்னு திருந்திட்டே?"

"நான் வீட்டுக்குப் போயிருந்தேன்."

"விளையாடாதே."

"கேஸ்காரர் வந்தாரு. இப்பதான் வரேன். பாரு, முடியெல்லாம் ஈரம்."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப… நீதானே ஒவ்வொரு தடவையும் 'பிடிச்சிருக்கேங்க'ன்னு சொன்னே? குரல் கட்டியிருந்துச்சு. மழையில நனைஞ்சிட்டியோன்னு நெனச்சேன்."

'பிடிச்சிருக்கேங்க.'

பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். அன்றிலிருந்து நீ, வா, போ தான். முப்பது வருடத்தில் நான் அவனை ஒருநாள்கூட 'ங்க' போட்டுப் பேசினதில்லை. அது அவனுக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது. இருவரும் அந்தக் காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த ஞாயிறு நான் தனியாகவே கேலாங் போனேன். இல்ஹாமின் வீட்டுக்குக் கீழே இருந்த காப்பிக் கடையில் சந்தித்தோம். முப்பது வயசிருக்கும், ஒல்லியான பையன். நான் தைலம் என்று சொன்னதுமே அவன் கையில் இருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டான்.

"சொல்லியிருக்கணும்க்கா. தப்புதான். சொன்னா யாரு வாங்குவா?"

அவன் வாப்பா நெய்னா முகம்மது அந்தக் காரை முப்பது வருஷம் வைத்திருந்தார். வொர்க்‌ஷாப் பக்கமே போகாத மனிதர். எல்லாம் சொந்தக் கை வேலை. மிதியில் காலை வைப்பது எப்போதும் உம்மா நஃபீசாதான்.

"வாப்பா கோவக்காரர். உம்மா காலை முன்னாடி எடுத்துட்டா மாடியே அதிர்ற மாதிரி கத்துவாரு. 'நான் விடுன்னு சொன்னாத்தான் விடணும், இல்லன்னா கையை ஒடிச்சாலும் விடக் கூடாது'ம்பாரு. உம்மா பயந்து பயந்தே பழகிட்டாங்க."

போன வருஷம் ஒரு நாள் காலை. வழக்கம்போல இடது பின் சக்கரம். வாப்பா 'பிடி' என்றார். உம்மா 'பிடிச்சிருக்கேங்க' என்றார்.

அதற்குப் பிறகு வாப்பாவிடமிருந்து சத்தமே இல்லை.

"திருகு இறுகியிருக்கும்னு உம்மா நெனச்சிருக்காங்க. பேசினா திட்டுவாருன்னு பேசல. அம்பது நிமிஷம்க்கா. அம்பது நிமிஷம் மிதியை அமுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. பக்கத்து வண்டிக்கு வந்த ஒரு சீனப் பெரியவர்தான் பாத்தாரு. வாப்பா சக்கரத்துல தலையைச் சாச்சிருந்தாராம். ஹார்ட் அட்டாக். உடனே பாத்திருந்தா பொழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாங்க. அதை உம்மாவை வச்சுக்கிட்டே சொன்னாங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"உம்மாவை வண்டியிலேருந்து எறக்க முடியல. 'அவங்க இன்னும் சொல்லலையே'ன்னாங்க. அதையேதான் பதினோரு மாசம் சொன்னாங்க. சாகும்போதுகூட வலது கால் பாதம் மட்டும் கீழ அமுங்கியே இருந்துச்சு. நிமித்தவே முடியல."

எனக்கு அந்தப் பெண்ணை நினைத்து அழுகை வந்தது. அந்த மனுஷனை நினைத்து ஆத்திரம் வந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் மனதில் ஓடியது வேறு. சுஜியின் நெஞ்சில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பிக் குழாய். அதே சக்கரத்தருகே குத்தவைத்து உட்காரும் சுஜி. சீட்டில் உட்கார்ந்து, அவன் வாய் திறந்து சொல்லும் வரை விடவே மாட்டாத அவள்.

வீட்டுக்கு வந்து அத்தனையும் சொன்னேன். சுஜி முழுசாகக் கேட்டான். பிறகு அவன் புத்தி போகுமா?

"ஒண்ணு மட்டும் ஒத்துக்கோ. உன்னைவிட அந்தம்மா நல்லா அமுக்குறாங்க."

கையில் இருந்த கரண்டியை அவன் மேல் வீசினேன். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன். அவன் பயந்துவிட்டான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வித்துடறேன். சத்தியமா வித்துடறேன்," என்றான்.

வாங்க ஆள் கிடைத்தது. சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். அதற்குள் இன்னொரு தலைவலி. காரைச் சாங்கி வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்த சுஜி, திரும்பி வந்து இடது பின் சக்கரத்தில் கை வைத்தவன் 'ஆ' என்று இழுத்துக்கொண்டான். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. சக்கரம் அடுப்பாகக் கொதித்தது.

"பிரேக் கெட்ட வண்டியை நான் இன்னொருத்தர் தலையில கட்ட மாட்டேன், தர்ஷி. அது பாவம். ஒரே ஒரு தடவை பாத்துட்டு வித்துடறேன். நீ வர வேண்டாம்."

"நான் வரலன்னா அந்த சீட்ல யாரு உக்காருவா?"

அவன் சுட்ட விரலை ஊதிக்கொண்டான்.

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் உட்கார்ந்தால் அவளுக்கு அங்கே இடம் இருக்காது. கிளினிக்கில் தினம் நூறு பேரை வரிசையில் நிறுத்துகிற எனக்கு, ஒரு சீட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதா பெரிது? இதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. காற்று இல்லை, புழுக்கம். புறாக்கள்கூட அன்று முனகவில்லை. சீட் மறுபடியும் முன்னால் வந்திருந்தது. அதைப் பின்னால் தள்ளாமல் முழங்காலை மடக்கி அப்படியே உட்கார்ந்தேன்.

"ஒரு கண்டிஷன்," என்றேன். "வாயை மூடக் கூடாது. ஏதாவது பேசிக்கிட்டே இரு. சத்தம் நின்னா நான் காலை எடுத்துட்டு வந்துடுவேன், காத்து போனாலும் சரி, கார் போனாலும் சரி."

"சரி லா, மேடம்."

அவன் பின்னால் போனான். கருவிப் பெட்டி உரசும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"விடு. நல்லா வருது. கறுப்பா வருது, காப்பி மாதிரி. அமுக்கு."

இப்படி ஆறு தடவை. ஏழாவது தடவை அவன் 'பிடி' என்றான். திருகைத் திறந்தான் போலிருக்கிறது. என் காலடியில் மிதி மெதுவாகத் தரை வரை இறங்கியது.

"பிடிச்சிருக்கேன்," என்றேன்.

பதில் இல்லை.

"சுஜி?"

ஏதோ இரும்பு சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. ஸ்பேனர்.

"சுஜி!"

காலை எடுத்தேன்.

கால் வரவில்லை.

மரத்துப்போயிற்று என்று நினைத்தேன். கையால் தொடையைப் பிடித்து இழுத்தேன். முழங்கால் வரை என் கால்தான். அதற்குக் கீழே மிதியோடு சேர்த்து வைத்துத் தைத்தது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். என் செருப்பு, அதில் என் பாதம். வேறொன்றும் இல்லை.

ஆனால் என் பாதத்தின் மேல் இன்னொரு பாதம் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. தோலுக்குத் தெரிந்தது. குளிர்ந்த வெறும் பாதம். வெடித்த குதிகால். ஐந்து விரல்களும் தனித்தனியாக அழுந்தின. செருப்பின் வார் தானாகத் தட்டையானது.

தைல வாடை மூச்சை அடைத்தது.

என் காதருகே, ரொம்ப மரியாதையாக, ரொம்பப் பயந்து ஒரு குரல் சொன்னது.

"அவங்க இன்னும் சொல்லலையே."

பேயைவிடப் பெரிய பயம் காருக்குப் பின்னால் கிடந்தது.

"நஃபீசாம்மா," என்றேன். "அது உங்க ஆளு இல்ல. என் புருஷன். அவனுக்கு நெஞ்சுல கோளாறு. விடுங்கம்மா, நான் போய்ப் பாக்கணும்."

"அவங்க இன்னும் சொல்லலையே."

"சொல்ல மாட்டான்! அவன் செத்துக்கிட்டு இருக்கான்! உங்களுக்குப் புரியலையா? அன்னைக்கு உங்க ஆளும் இப்படித்தான் போனாரு!"

அதைச் சொன்னதும் அழுத்தம் இன்னும் கூடியது. எலும்பு நொறுங்கும் வலி.

பயந்து நடுங்குகிற ஒருத்தியிடம் நானும் கத்தினேன். அவளுக்குக் கத்தல் என்றால் இன்னும் இறுக்கிப் பிடி என்றுதான் அர்த்தம்.

போன் என்னிடம் இல்லை. கருவிப் பெட்டி மேல் வைத்திருந்தேன். ஸ்டியரிங்கில் ஹாரன் இருந்தது. இரண்டு கையையும் அதில் வைத்து அமுக்கினேன். அந்தச் சத்தத்தில் புறாக்கள் மொத்தமாகச் சிதறிப் பறந்தன. நான் கையை எடுக்கவே இல்லை.

கீழ் மாடியில் டெலிவரி வேன் நிறுத்துகிற ரத்னவேல் சரிவுப் பாதையில் ஓடி வந்தார். இதற்கு முன் இரண்டு தடவை பேசியிருப்போம்.

"என்னக்கா? என்னாச்சு?"

"பின்னாடி! என் புருஷன் பின்னாடி இருக்கான், பாருங்க!"

அவர் போனார். "கடவுளே" என்ற ஒரு சொல்தான் கேட்டது. பிறகு போனில் ஆம்புலன்ஸுக்கு முகவரி சொல்லும் குரல். பிறகு நெஞ்சை அமுக்கி அமுக்கி அவர் எண்ணும் குரல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"அக்கா, லிஃப்ட் பக்கத்துல நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கிற மெஷின் பெட்டி இருக்கு, எடுத்துட்டு வாங்க! ஓடுங்க! ஏன்க்கா உக்காந்திருக்கீங்க?"

ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று நான் அவரிடம் என்ன சொல்வேன்? என் புருஷன் ஐந்தடி பின்னால் செத்துக்கொண்டிருக்கிறான். நான் காரில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு அழுகிறேன். அந்த மனிதர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். அந்த நிமிஷம் நஃபீசாவின் பதினோரு மாதமும் எனக்கு விளங்கியது.

நான் கத்துவதை நிறுத்தினேன். என் பாதத்தின் மேல் இருந்த அந்தப் பாதத்தின் பக்கம் கையை நீட்டினேன். காற்றுத்தான் இருந்தது, ஆனால் குளிர்ந்த காற்று. அதைத் தடவினேன்.

"உங்க மேல தப்பு இல்லம்மா," என்றேன். "நீங்க சரியாத்தான் பிடிச்சீங்க. யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க."

பாதம் நடுங்கியது.

அப்போது காருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எண்ணிக்கொண்டிருந்த ரத்னவேலின் குரல் இல்லை. சுஜியின் குரலும் இல்லை. கரகரத்த கிழவனின் குரல், வேண்டாவெறுப்பாக.

"சரி. விடு."

என் கால் விடுபட்டது.

கதவிலிருந்து தரையில் விழுந்தேன். எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினேன், பெட்டியை உடைத்து மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சுஜியின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. சட்டையைக் கிழித்து, மெஷின் குரல் சொன்னபடியே அதன் பட்டைகளை நெஞ்சில் ஒட்டினோம். முதல் அதிர்ச்சிக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதில் அவன் நெஞ்சு ஒரு தடவை தூக்கிப்போட்டது, பிறகு பெரிதாக மூச்சை இழுத்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் லிஃப்டில் ஸ்ட்ரெச்சரோடு வந்து சேர்ந்தபோது ரத்னவேல் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"நீங்கதானே 'விடு'ன்னு சொன்னீங்க?" என்று அவரிடம் பிறகு கேட்டேன்.

"எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்க்கா. நான் எதுவும் சொல்லல."

சுஜி பிழைத்துக்கொண்டான். இன்னும் இரண்டு ஸ்டென்ட். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. அவன் படுக்கையில் இருக்கும்போதே நான் அந்தக் காரை ஸ்கிராப் யார்டுக்கு அனுப்பிவிட்டேன். அவனைக் கேட்கவில்லை, அவனும் பிறகு கேட்கவில்லை. நசுக்கியாகிவிட்டது என்று யார்டுக்காரர் படம் அனுப்பினார். இல்ஹாமுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "உம்மாவுக்காவது விடுதலை கிடைச்சுதே," என்றான். என் பாதத்தில் இருந்த ஐந்து விரல் தடமும் மஞ்சளாகி, பழுப்பாகி, மறைந்துவிட்டது.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

என்னிடம் ஒரே ஒரு பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. சுஜியின் சத்தம் கேட்காவிட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது. அவன் படுக்கையறையில் ஓய்வாகப் படுத்திருப்பான், நான் சமையலறையில் இருப்பேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவேன். ஆரம்பத்தில், "உயிரோடதான் இருக்கேன் லா, உன் கௌண்டர்ல பதிஞ்சு வச்சுக்கோ," என்று கிண்டலடித்தான். பிறகு அவனுக்கும் அலுத்துவிட்டது. வெறுமனே 'ம்ம்' என்பான். எனக்கு அந்த 'ம்ம்' போதும். அதைக் கேட்டால் ஐந்து நிமிஷம் நிம்மதி.

நேற்று புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி. நல்ல வெயில். ஜன்னலுக்கு வெளியே மைனாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நான் சொதிக் குழம்புக்குத் தேங்காய் அரைத்து முடித்து, பால் பிழிந்துகொண்டிருந்தேன்.

"சுஜி?"

"ம்ம்."

வெங்காயம் அரிந்தேன். பச்சை மிளகாய் கீறினேன்.

"சுஜி, நாலு மணி மாத்திரை போட்டியா?"

"ம்ம்."

"சொதிக்கு எலுமிச்சை பிழியட்டுமா, புளி விடட்டுமா?"

"ம்ம்."

ஒன்றைக் கேட்டால் ஒன்றைச் சொல்கிறான் என்று சிரித்துக்கொண்டேன். அடுப்பைச் சிம்மில் வைத்தேன். அப்போது வாசல் இரும்புக் கேட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். வாசலில் சுஜி நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் ரொட்டிப் பொட்டலம், இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் எலுமிச்சம்பழம். நெற்றியில் கொஞ்சம் வேர்வை.

"லிஃப்டுக்கு ஒரே கூட்டம்," என்றான். "கீழ ரத்னவேலைப் பாத்தேன், பேசிட்டே கால் மணி நேரம் ஆயிடுச்சு. என்ன அப்படிப் பாக்கிறே? மிக்ஸி ஓடும்போது சொல்லிட்டுத்தானே போனேன். கேக்கலையா?"

படுக்கையறைக் கதவு பாதி சாத்தியிருந்தது.

"சுஜி," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "நீதானே?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

அதற்குள் படுக்கையறையிலிருந்து, நிதானமாக, கரகரத்த குரலில் பதில் வந்தது.

"ம்ம்."